குளிர்காலத்துக்கு மூடிய வண்டி

மேசா, அரிசோனா
1994 அக்டோபர் 9

ஆர்டிஸுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போய்விட்டது. ரெனே எனக்கென்று தனி அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். மருமகனும் வாசல் வரைக்கும் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வாரம் இடுப்பு ஆபரேஷன்.

இனி வண்டி விஷயம். என் லோவெல் கண்ணை மூடியபிறகு வீட்டை விற்றாயிற்று. மே மாதம் நான் மினசோட்டாவுக்குத் திரும்பினால் தலைசாய்க்க ஏரிக்கரையில் நிற்கிற அந்த ஒரு கேம்பர் வண்டிதான் எனக்கு வீடு. அதற்குள் ஈரம் இறங்கிப் பலகை உளுத்துவிட்டால் நான் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கூரையைச் சோப்புப் போட்டுக் கழுவு. நன்றாகக் காயட்டும். அழுக்கோடு மூடினால் அது வண்டியை மூடுகிற உறைக்கு அடியில் உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தின்றுவிடும். மூலைகளில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களுக்கெல்லாம் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டிச் சொருகு. குழாயில் தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. எலி நுழைகிற பொந்துகளில் இரும்பு நாரைத் திணி. கூரை ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வை, காற்று ஓட வேண்டும். கம்பத்தில் கரண்ட்டை அணைத்துவிடு. உறை, கட்டிலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. அதைத்தான் போட வேண்டும். டெல்மர் கொட்டகையில் கிடக்கிற அந்த நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து சுற்றிவிட்டு "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லாதே. தார்ப்பாய்க்குள் வண்டி வேர்த்து வேர்த்தே செத்துப்போகும்.

உன் புருஷன் டெல்மரை வண்டிப் பக்கமே விடாதே. போன குளிர்காலம் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்கப் போன கூட்டாளிகளுக்கு என் வாணலியைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். இன்னும் அது வந்து சேரவில்லை.

வெர்னா


1994 அக்டோபர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரெனே போட்ட கார்டு வந்தது. சந்தோஷம்.

வண்டியை மூடிவிட்டேன். நீ சொன்னது ஒன்று விடாமல் செய்தேன். உறையைக் கூரையில் விரித்த நேரம் பார்த்து ஏரியிலிருந்து காற்று கிளம்பியது. துணி உப்பிக்கொண்டு என்னையும் சேர்த்து ஏணியிலிருந்து தூக்கப் பார்த்தது. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இன்னொரு முனையைக் கட்டினேன். பக்கத்து வீட்டு மிர்ட்டில் அவள் ஜன்னலில் காபியும் கையுமாக நின்று முழுக்கப் பார்த்தாள். எல்லாம் முடிந்தபிறகு வெளியே வந்து, "ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேனே ஆர்டிஸ்" என்றாள். "பரவால்ல மிர்ட்டில், நீ வேலையா இருந்த மாதிரி தெரிஞ்சுது" என்றேன்.

ஒரே ஒரு குறை. கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் இருக்கிற பக்கம் உறை கொஞ்சம் கிழிந்துவிட்டது. ஓரம் மடித்துத் தைத்துவிட்டேன், பிரியாது.

இனி கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாதே. ஏரிப்பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி எடுத்திருக்கிறேன், எண் தபால் கவர்மேல் எழுதியிருக்கிறேன். வண்டியைப் பார்க்க வருகிறபோது அப்படியே எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று. அந்த ஹீட்டரைப் பற்றவைக்க எந்தக் குமிழை முதலில் அழுத்த வேண்டும்? சும்மாதான் கேட்கிறேன். உள்ளே ஈரம் தெரிந்தால் கொஞ்ச நேரம் ஓட்டிக் காயவைக்கலாமே.

ஆர்டிஸ்


மேசா
1994 நவம்பர் 4

ஆர்டிஸுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். படிக்கப் படிக்க மூக்கில் வேர்க்கிறது.

உன் வீட்டிலிருந்து ஏரிக்குப் போக ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வாசலில் தபால்காரர் கொண்டுவந்து போடுகிறதை விட்டுவிட்டு அங்கே எதற்குப் பெட்டி? யார் கண்ணில் என் கடிதம் படக்கூடாது? உன் வீட்டுக்கு போன் போட்டேன். டெல்மர்தான் எடுத்தார். "ஆர்டிஸ் எங்க?" என்றால், "வெளிய போயிருக்கா" என்றார். மறுபடி ஞாயிற்றுக்கிழமை போட்டேன். மறுபடியும், "வெளிய போயிருக்கா." எந்த வெளியே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். இங்கே வெளியூருக்கு போன் போட்டாலே மருமகனுக்கு முகம் சுருங்குகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

அந்தக் கிழிசல். உறை தற்செயலாகக் கிழிந்தால் கூரை மூலையில் கிழியும். புகைக்குழாய்க்கு நேராகக் கிழிய அங்கே என்ன முள்ளா இருக்கிறது? கிழிந்ததா, கிழித்ததா? மூடிவைத்த வண்டியில் ஹீட்டர் ஓட்ட வேண்டிய தேவை யாருக்கு?

எனக்கே காது குத்தாதே. டிசம்பரில் ஏரி உறைந்ததும் டெல்மரும் அவர் கூட்டாளிகளும் என் வண்டியில் கூடாரம் போடத் திட்டம், அதற்கு நீ உடந்தை. குமிழ் எது என்று நான் சொல்லப்போவதில்லை.

வெர்னா


1994 நவம்பர் 19

அக்கா,

குமிழை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். சிவப்பு.

டெல்மர் வண்டிப் பக்கம் வரவில்லை. வரவும் மாட்டார். அது ஒன்றை மட்டும் பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன், மற்றதைக் கேட்காதே. நான் ஒரு பெரிய மனுஷி. எனக்கென்று ஒரு தபால் பெட்டி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?

உனக்கு என்ன நடந்தாலும் அதற்குப் பின்னால் ஒன்று இருந்தாக வேண்டும். அம்மா இறந்தபோது அந்தக் காபி ஜாடியை நான் எடுத்தேன் என்று எட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் உன் சொந்த அலமாரியிலேயே கிடைத்தது. அதற்கு ஒரு வார்த்தை உண்டா? இல்லை.

வெளியே பனி முழங்கால் அளவு. உறை இறுக்கமாக இருக்கிறது. எலி ஒன்று மட்டும் வந்தது, பிடித்துவிட்டேன்.

ஆர்டிஸ்


மேசா
1994 டிசம்பர் 3

ஆர்டிஸ்,

வாரம் ஒரு தரம் போய் எட்டிப் பார்க்கிறவளுக்கு எலி எப்படியம்மா கையில் மாட்டியது?

மிர்ட்டில் எழுதியிருக்கிறாள். நான் கேட்டுத்தான் எழுதினாள், மறைக்கவில்லை. உன் கார் பாதி நாள் அங்கேதான் நிற்கிறதாம். சாலையிலிருந்து வண்டி வரைக்கும் பனியில் ஒற்றையடிப் பாதையே விழுந்து இறுகிக் கிடக்கிறதாம். "ஒரு ஆள் வந்து போற தடம் இல்ல வெர்னா, மாடு போற தடம் மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறாள். அவள் மிகைப்படுத்துகிறவள்தான். ஆனால் மாடு என்று எழுத வேண்டுமானால் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

நான் இங்கே இரவெல்லாம் விழித்துக்கொண்டு கிடக்கிறேன். என் சுவர், என் மெத்தை, லோவெல் கையால் போட்ட அலமாரி. அதில் யாரோ குடித்துவிட்டு மீன் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. தாங்காமல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மிர்ட்டிலின் அண்ணன் மகன் ரொம்ப நாளாக அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஜனவரி 7, சனிக்கிழமை வந்து உறையை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன். உள்ளே நான் வைத்தது வைத்தபடி இருந்தால் அவன் சும்மா திரும்பிப் போவான். இல்லையென்றால் அன்றைக்கே கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகட்டும். நாசமான வண்டிக்குக் காவல் இருப்பதைவிட அது இல்லாமலே போகட்டும்.

வெர்னா


1994 டிசம்பர் 14

அக்கா,

தயவுசெய்து அவனை வரவிடாதே.

இந்தக் குளிரில் உறையை யாராவது தொடுவார்களா? துணி பலகை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. இழுத்தால் நெடுகக் கிழிந்துவிடும். கயிறெல்லாம் பனிக்கட்டி. ஏப்ரல் வரைக்கும் பொறு. ஏப்ரலில் நானே அவிழ்த்து, கழுவி, துடைத்து வைக்கிறேன். ஒரு கீறல் இருந்தாலும் என்னைக் கேள்.

உண்மையைச் சொல், இது முன்கூட்டியே பேசி முடித்த விஷயம்தானே? வண்டியை விற்றுவிட்டு அங்கேயே ரெனேயோடு இருந்துவிடப் போகிறாய். அவர்கள் சொல்லிக்கொடுத்து நீ செய்கிறாய். பழியைப் போட ஓர் ஆள் வேண்டும், அதற்கு என் காலடித் தடம் வசதியாகக் கிடைத்துவிட்டது. என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்.

தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு லெஃப்ஸ ரொட்டி சுடுகிறார்கள். கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஆர்டிஸ்


மேசா
1994 டிசம்பர் 30

ஆர்டிஸ்,

நேற்று மிர்ட்டிலின் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. உள்ளே ஒரு போட்டோ. அவள் வாசலில் கட்டிய மாலையைக் காட்ட எடுத்தது. ஓரத்தில் என் வண்டி தெரிகிறது. மிர்ட்டில் வீட்டுக் கூரையில் அரை ஆள் உயரத்துக்குப் பனி. கொட்டகை மேல் பனி. அவள் தபால் பெட்டி மேல்கூடத் தொப்பி வைத்த மாதிரி பனி. என் வண்டி மேல் பிடி பனி இல்லை. உறை ஈரமாக மின்னிக்கொண்டிருக்கிறது.

உள்ளே யாரோ ராப்பகலாகக் கணப்புப் போட்டால்தான் கூரையில் பனி நிற்காது. இதைக் கண்டுபிடிக்க நான் போலீஸ்காரியாக இருக்க வேண்டியதில்லை. இப்போதாவது வாயைத் திறப்பாயா, இல்லை இன்னும் பூசி மெழுகப் போகிறாயா? டெல்மர் எத்தனை பேரை அங்கே குடிவைத்திருக்கிறார்?

இதுவரைக்கும் காலையில் எழுதினேன். எழுதிவிட்டு ஆத்திரம் அடங்காமல் டெல்மருக்கு போன் போட்டேன். மருமகன் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க ஆளுங்க என் வண்டியில என்ன பண்றாங்க?" என்றேன். "எந்த வண்டி?" என்றார். "ஆர்டிஸைக் கூப்பிடுங்க" என்றேன். "அவ அக்டோபர்லயே போயிட்டா" என்றார். "எங்க போனா?" "நான் கேக்கல."

நான் கேக்கல. முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், எங்கே என்று அந்த ஆள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். அந்தப் பாதை, அந்தக் கிழிசல், தபால் பெட்டி, எலி. எல்லாம் நீதான். நீ ஒருத்திதான். குடிகாரர்களைத் தேடிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு என் தங்கை தெரியவில்லை. துணியைக் கிழித்தாயே, நல்ல காரியம் செய்தாய். புகை போகாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதிக்கொண்டிருப்பேன்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்க எழுதப்போனேன். அப்புறம் நீ என்னை வழியனுப்ப வந்த பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்தது. "சாவி உன்கிட்ட இருக்கட்டும், வீட்டுல ஒண்ணுன்னா வண்டியில வந்து இருந்துக்கோ" என்று சொன்னேன். "சேச்சே, எனக்கெதுக்கு" என்றாய். மறுபடி சொன்னேன். "அதெல்லாம் வேணாம்க்கா" என்றாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். எதிரே இருப்பவர் மூன்றாம் தரம் வேணுமா என்று கேட்காமல் நம் ஊரில் எவள் ஒரு வாய் காபி வாங்கிக் குடித்திருக்கிறாள்? இரண்டு தரம் கேட்டு நிறுத்தினால் அது கேட்காததற்குச் சமம் என்று எனக்குத் தெரியாதா? நான் மூன்றாம் தரம் கேட்காத ஒன்றை நீ எடுத்துக்கொண்டாய், அதனால் திருடி மாதிரி ஒளிந்துகொண்டாய். நான் அப்படித்தான் உன்னை நடத்தினேன்.

இப்போது கேட்கிறேன். வண்டியில் இருந்துகொள், ஆர்டிஸ்.

மிர்ட்டிலுக்கு போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் போல. அவள் அண்ணன் மகன் நம்பர் என்னிடம் இல்லை. 7ஆம் தேதிக்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒட்டுகிறேன். அவன் வந்தால் துரத்திவிடு. நான் சொன்னேன் என்று சொல்.

வெர்னா

இன்னொன்று. ரெனே ஒழித்துக் கொடுத்தது அறை இல்லை. துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில். நானும் அங்கிருந்து உண்மையை ஒளித்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.


1995 ஜனவரி 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. போன வாரம் நான்கு நாள் பனிப்புயல், தபால் வண்டி வரவில்லை. அதனால் சனிக்கிழமை நடந்தது உன் கடிதம் இல்லாமலே நடந்தது.

விட்டு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டெல்மர் கை நீட்டியதில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல வரவில்லை. நான் எங்கே போய் வந்தாலும் அவர் வெளியே போய் காரில் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். கடைக்குப் போக இவ்வளவு, தேவாலயத்துக்கு இவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம். கூடுதலாக இருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு அந்த எண்ணை மட்டும் சொல்வார். எத்தனையோ வருஷம் அப்படி. உன் வண்டியை மூட வந்த அன்றைக்கு ஏணியை எடுத்துவர இரண்டு தரம் அலைந்ததில் மைல் கூடிவிட்டது. வீட்டுக்குத் திரும்பினால் அவர் வாயால் அந்த எண்ணைக் கேட்க வேண்டும். உறையைக் கட்டி முடித்து, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கட்டின கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்து உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்துப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன்.

இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. தண்ணீரும் அங்கிருந்துதான் கேனில் பிடித்து வருகிறேன். உறைக்குள் பகலும் இருட்டு, கூரையில் சொட்டுச் சொட்டாக வேர்வை, துடைத்துக்கொண்டே இருப்பேன். ஆனாலும் நன்றாகத் தூங்கினேன். அப்புறம் உன் கடிதங்கள் வரத் தொடங்கின. அங்கே அவர் மைலை எண்ணினார், இங்கே நீ ஆள் வைத்து என் காலடியை எண்ணினாய். அதைப் படித்துவிட்டு அழுதேன், அக்கா. எழுதினால் உனக்கு வலிக்கும் என்று தெரியும். வலிக்கட்டும்.

சனிக்கிழமை காலை கார் வந்து நின்றது. மிர்ட்டிலும் அவள் அண்ணன் மகனும். முந்தின நாள்தான் அவள் ஊர் திரும்பியிருக்கிறாள். உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். முடிச்சு அவிழவில்லை. "கத்தி இருக்கு அத்த, அறுத்துடலாம்" என்று அவன் சொல்வது கேட்டது. துணியை அவன் விலக்கி, நான் சமையலறை ஏப்ரனோடு முடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதைவிட நானே எழுந்து போகலாம் என்று தோன்றியது. கதவைத் தள்ளித் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மிர்ட்டில் நல்லவள்தான், அவசரமாக எனக்கு ஒரு வழி விட்டாள். "அடடே ஆர்டிஸ், சுத்தம் பண்ண வந்தியா?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் நம்பின மாதிரி இருந்திருப்பாள், தேவாலயம் முழுக்க நம்பின மாதிரி இருந்திருக்கும். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல மிர்ட்டில். நான் இங்கதான் குடியிருக்கேன். இது விக்கிறதுக்கு இல்ல" என்றேன்.

அவன் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். மிர்ட்டில் என் காலைப் பார்த்தாள், செருப்புக்கூட இல்லாமல் வெறும் காலுறையோடு பனியில் நின்றிருக்கிறேன். "அப்ப எதுக்குடி இந்தத் துணி? மூச்சு முட்டாது?" என்றாள். அவளே ஒரு முனையைப் பிடித்தாள், அவன் ஏறினான், நான் இழுத்தேன். மூன்று பேரும் சேர்ந்து உரித்தோம். நான் சொன்ன மாதிரியே துணி நெடுகக் கிழிந்துபோனது, அதில் பொய் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தபோதுதான் லோவெல் அத்தானின் அலமாரி என்ன நிறம் என்றே எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற ஒவ்வொரு காரும் எங்கள் சாலை வளைவில் மெதுவாகப் போனது. பார்க்கட்டும்.

உன் கடிதத்துக்குப் பதில்: சரி, இருக்கிறேன். கட்டில் உனக்கு. மேசையை இறக்கினால் எனக்கு ஒரு படுக்கை ஆகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன். மடக்குக் கட்டிலில் மே வரைக்கும் கிடக்காதே. டாக்டர் விட்டதும் வா.

ஒன்று மட்டும். வரும்போது கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா.

ஆர்டிஸ்